படுத்துப் பாருங்கள், அப்புறம் பணத்தை எடுங்கள்

வாசகர் கேள்வி, டிங்கர் பதில்

போன இதழில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. அதனால் இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் இன்ஜின் மெக்கானிக் இல்லை. டிங்கர். தகடு வெட்டி, தட்டி, வெல்டிங் வைத்துப் பிழைத்தவன். எதைக் கேட்டாலும் என் பதில் தகட்டுப் பக்கமே சாயும். இன்ஜின் பிரியர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

*

கேள்வி: ஐயா, 1972 மாடல் எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் திறந்த கார் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். சிவப்பு நிறம், குரோம் பம்பர். பெயின்ட்டில் முகம் பார்த்துத் தலை வாரலாம். இன்ஜினை இப்போதுதான் இறக்கி வேலை பார்த்திருக்கிறார்கள், பில் இருக்கிறது. துரு ஒரு பொட்டுகூட இல்லை என்று விற்பவர் அடித்துச் சொல்கிறார். ஒரு மணி நேரம் பார்க்க விடுவாராம். அந்த நேரத்துக்குள் என்னென்ன பார்க்க வேண்டும்?
(கல்லூரி விரிவுரையாளர் ஒருவர்)

பதில்: முதலில் அந்த இன்ஜின் பில்லை மடித்து அவரிடமே கொடுத்துவிடுங்கள். எம்.ஜி.பி.யில் இருப்பது 1798 சி.சி., நாலு சிலிண்டர், சிக்கல் இல்லாத வார்ப்பிரும்பு இன்ஜின். கெட்டுப்போனால் இறக்கலாம். பாகங்கள் கிடைக்கும். எவ்வளவு செலவாகும் என்று இறக்குவதற்கு முன்பே சொல்லிவிடலாம். பாடி வேலைக்கு அப்படிச் சொல்ல முடியாது. பிரிக்கும் வரை கணக்கு தெரியாது. பிரித்த பிறகு பாதியில் நிறுத்தவும் முடியாது.

1962 முதல் 1980 வரை வந்த இந்த வண்டிக்குத் தனி சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடியேதான் சேசிஸ். மேலே கூரையும் இல்லை. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துப் பிடித்திருப்பவை தரைத்தகடு, நடுவில் மேடாக ஓடும் டனல், கதவுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஓடும் சில்கள். ஏறும்போது காலைத் தாண்டி வைக்கிறோமே, அந்தப் படிதான் சில். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே தகடு போலத் தெரியும். உள்ளே வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என்று அடுக்கு இருக்கிறது. அடியில் மேடு பள்ளமாக மடித்த ஒரு பட்டை ஓடும், அதன் பெயர் காசில் ரெயில். இந்த அடுக்குகளுக்கு நடுவே ஈரம் போனால் காய வழியில்லை. அரிப்பு உள்ளிருந்து வெளியே வரும். பெயின்ட்டில் சின்னக் கொப்புளம் கிளம்பும்போது உள்ளே வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும்.

சரி, உங்கள் ஒரு மணி நேரத்துக்கு வருவோம். வண்டியிடம் ஓடாதீர்கள். கொஞ்சம் தள்ளி, முன் விளக்கு உயரத்துக்குக் குனிந்து, பக்கவாட்டு நெடுக ஒரு கண்ணால் பாருங்கள். ஜன்னல் கம்பியின் பிம்பம் ஓடுகிற மாதிரி வெளிச்சக் கோடு நேராக ஓட வேண்டும். எங்காவது அலை அடித்தால் அங்கே தகட்டின் குறையை மூடும் பட்டி இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கதவு இடைவெளி. கதவின் பின் ஓரத்தில் மேலே நெருக்கமாகவும் கீழே அகலமாகவும் இருந்தால் வண்டி நடுவில் தொய்ந்திருக்கிறது. கதவைப் பாதி திறந்து, நுனியைப் பிடித்து மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். கீல் ஆடுகிறதா, கீலைத் தாங்கும் தூணே ஆடுகிறதா என்று அதில் தெரிந்துவிடும். கீல் ஆடினால் பரவாயில்லை. தூண் ஆடினால் கிளம்பிவிடுங்கள்.

விற்பவரிடம் கேட்டுவிட்டு, ஜாக்கி வைக்கும் இடத்தில் ஜாக்கியை வைத்து ஒரு பக்கத்தைத் தூக்குங்கள். தூக்கும்போது கதவு இடைவெளியைப் பாருங்கள். உறுதியான பாடியில் அது அப்படியே இருக்கும். மாறினாலோ, முன்பு சுலபமாகத் திறந்த கதவு இப்போது இறுகிக்கொண்டாலோ, சில்லில் உயிர் இல்லை. ஜாக்கி தூக்குவதற்குப் பதில் தகட்டுக்குள் இறங்கினால் இனி நான் சொல்ல ஒன்றுமில்லை. இங்கே ஒரு எச்சரிக்கை: ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள், ஸ்டாண்டு கொடுத்த பிறகே படுக்க வேண்டும்.

படுத்துப் பார்க்க வேண்டிய இடங்கள் சில உண்டு. முன் சக்கரத்துக்குப் பின்னால், மட்கார்டின் கீழ் மூலை. சக்கரம் அடிக்கும் சேறு உள்ளே போகாமல் தடுக்க அங்கே ஒரு தகடும் ரப்பரும் வைத்திருக்கிறார்கள். ரப்பர் இற்றுப்போனால் சேறு உள்ளே குடியேறி வருடக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அடுத்தது சீட்டுக்குப் பின்னால், தரைக்குக் கீழே தொங்கும் பேட்டரிப் பெட்டிகள். 1974 வரை இந்த வண்டியில் ஆறு வோல்ட் பேட்டரி இரண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி. மேலிருந்து அமிலம், கீழிருந்து சாலைத் தண்ணீர், அப்புறம் கேட்க வேண்டுமா? மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பக்கத்திலேயே பின் பட்டை ஸ்பிரிங்கின் முன்முனை பொருந்தும் இடம் இருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்னும். அரித்த தகடு சொத்தென்னும். அந்தச் சத்தத்தை ஒரு முறை கேட்டால் மறக்காது.

காந்தம் கொண்டுபோங்கள், ஆனால் பலமான காந்தம் வேண்டாம். பலமானது மெல்லிய பட்டிக்கு மேலிருந்தும் பிடித்துக்கொண்டு உங்களை ஏமாற்றும். குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டும் சாதாரண வளையும் காந்தம், ஒரு மெல்லிய துணியில் சுற்றியது, அது போதும். கொஞ்சம் செலவு செய்யலாம் என்றால் பெயின்ட் கனம் அளக்கும் கருவி வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனி பெயின்ட் என்றால் சுமார் 100 முதல் 200 மைக்ரான் காட்டும் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). மேலே இன்னொரு முறை அடித்திருந்தால் 300, 400. ஆயிரத்தைத் தாண்டினால் நீங்கள் அளப்பது பெயின்ட்டை அல்ல, பட்டியை. முழு வண்டியிலும் 350 வந்தால் பயம் இல்லை, மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கதவில் 150, அதற்குக் கீழே சில்லில் 1400 என்றால்தான் பேச வேண்டும்.

சில்லை மாற்றிவிட்டோம் என்று சொல்வார்கள். மாற்றிய விதத்தைக் கேளுங்கள். எம்.ஜி.பி. சில் கதவோடு முடிவதில்லை. முன் மட்கார்டுக்குள்ளும் பின் மட்கார்டுக்குள்ளும் போகிறது. ஒழுங்காக மாற்ற வேண்டுமானால் முன் மட்கார்டைக் கழற்ற வேண்டும், பின் மட்கார்டின் அடிப்பகுதியை வெட்டித் திரும்ப ஒட்ட வேண்டும். அந்த வேலைக்குப் படம் இல்லாமல் இருக்காது, செய்தவர்கள் பெருமையாக எடுத்து வைத்திருப்பார்கள். படம் இல்லை, மட்கார்டை யாரும் தொடவில்லை, ஆனால் சில் மட்டும் புதிது என்றால் பழைய துருவுக்கு மேல் புதுத் தகட்டைப் போர்த்தி வெல்டிங் வைத்திருக்கிறார்கள்.

பட்டியால் என்னவெல்லாம் செய்ய முடியும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். இதே ரக வண்டி, இதே போல முகம் பார்க்கிற பெயின்ட். வாங்கியவர் பட்டறைக்குக் கொண்டுவந்தது கதவு சரியாக மூடவில்லை என்பதற்காக. சில்லில் கிரைண்டர் வைத்தால் தீப்பொறி பறக்க வேண்டும். புகை வந்தது. நிறுத்திவிட்டு உளியால் பட்டியைப் பெயர்த்தோம், விரல் கனத்துக்கு வந்தது. அதற்குப் பின்னால் கம்பி வலை. வலைக்குப் பின்னால் கசக்கித் திணித்த செய்தித்தாள். அதற்கும் பின்னால் ஒன்றும் இல்லை, டார்ச் அடித்தால் எதிர்ப்பக்கத் தரை தெரிந்தது. நடுத்தகடு என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமாக ஓரத்தில் பழுப்பு ரேகை மட்டும். செய்தித்தாளில் விளையாட்டுப் பக்கம் இன்னும் படிக்கிற நிலையில் இருந்தது, மேலே தேதியும் இருந்தது. நான் வாங்கியதிலிருந்து பாடியில் கையே வைக்கவில்லை என்று விற்றவர் சொல்லியிருந்தாராம். அந்தத் தேதியில் வண்டி அவர் பெயரில்தான் இருந்தது.

கடைசியாக ஒன்று. அடிப்பாகம் முழுக்கப் புதிதாகக் கறுப்புத் தார்ப் பூச்சு அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். விற்பதற்கு முந்தின வாரம் அடிவயிற்றை அழகு பார்க்கிறவர்கள் குறைவு. மேலே பெயின்ட் மங்கி, அடியில் தகடும் வெல்டிங் கோடும் அப்பட்டமாகத் தெரிகிற வண்டிதான் எனக்குப் பிடிக்கும்.

*

கேள்வி: ஃபைபர் பாடி வண்டி வாங்கிவிட்டால் இந்தத் தலைவலியே இல்லையே? லோட்டஸ் எலான், கார்வெட் மாதிரி?
(பொறியாளர் ஒருவர்)

பதில்: ஃபைபர் துருப்பிடிக்காது. ஃபைபரைத் தாங்குவது துருப்பிடிக்கும். அதுவும் கண்ணுக்கு மறைவாக.

1962இல் வந்த எலானுக்கு நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு இரும்பு சேசிஸ். மெல்லிய தகட்டை மடித்துச் செய்தது. வேடிக்கை என்னவென்றால், மடங்கி எழும் முன் விளக்குகளைத் தூக்க வெற்றிடம் வேண்டும், அதைச் சேமிக்க முன் குறுக்குப் பகுதியையே தொட்டியாகப் பயன்படுத்திவிட்டார்கள். உள்ளே ஈரம் சேர்ந்து அங்கேயே அரிக்கும், பக்கத்தில்தான் முன் சஸ்பென்ஷன் தூண்கள் நிற்கின்றன. விளக்கு எழுந்த பிறகு தானாக மெல்லச் சரிந்தால் வெறும் குழாய்க் கசிவாகவும் இருக்கலாம், அந்தத் தொட்டியில் ஓட்டையாகவும் இருக்கலாம். நல்ல செய்தி, துத்தநாகம் பூசிய மாற்று சேசிஸ் கிடைக்கிறது. மாற்றியிருக்கிறார்கள் என்றால் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அசல் சேசிஸ் இல்லையே என்று இந்த ஒரு வண்டிக்கு மட்டும் வருத்தப்படாதீர்கள்.

கார்வெட் 1953 முதலே ஃபைபர்தான். ஆனால் 1963க்குப் பிறகு வந்தவற்றில் முன் கண்ணாடியையும் கதவையும் தாங்க உள்ளே இரும்புக் கூண்டு இருக்கிறது. முன் கண்ணாடியின் கீழ் மூலைகளில் தண்ணீர் இறங்கினால் அந்தக் கூண்டு அரிக்கும். சரிசெய்ய வேண்டுமானால் மேலே உள்ள ஃபைபரை எடுக்க வேண்டும். உள்ளே கால் வைக்கும் இடத்தின் பக்கவாட்டு மூடிகளைக் கழற்றி, டார்ச்சோடு தலையை விட்டுப் பாருங்கள். கண்ணாடி ஓரத்து அலங்காரப் பட்டைக்கு அடியில் விரலைவிட்டால் பொடி வருகிறதா?

கூடவே கேட்காத ஒன்று: ஆஸ்டின் ஹீலியின் பெரிய வண்டிகள் (100, 3000). அவற்றில் முன் மூக்கும் பின் மேல்பகுதியும் அலுமினியம், மட்கார்டுகள் இரும்பு. இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டு நடுவில் ஈரமும் இருந்தால் ஒன்று மற்றொன்றைத் தின்னும். இங்கே தோற்பது அலுமினியம். காந்தம் அங்கே ஒட்டாது, அது பட்டி என்று நினைத்து விற்பவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

*

கேள்வி: டிரையம்ஃப் டி.ஆர்.6க்குத் தனி சேசிஸ் உண்டு என்கிறார்கள். அப்படியானால் பாடியில் கொஞ்சம் துரு இருந்தால் பாதகமில்லைதானே?
(பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

பதில்: பாடிக்குப் பாதகம் கொஞ்சம் குறைவு. சேசிஸ் துருத்தால் பாதகம் இரண்டு மடங்கு, ஏனென்றால் சரியாகச் செய்யப் பாடியையே தூக்க வேண்டும். பின் சக்கரங்களைப் பிடித்திருக்கும் கைகள் சேசிஸில் பொருந்தும் இடத்தை முதலில் பாருங்கள், அங்கேதான் அரிக்கும். ஓட்டிப் பார்க்கும்போது கிளட்சை விட்டதும் பின்னாலிருந்து டொக் என்று ஒரு சத்தம் வந்தால், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலைத் தாங்கும் முளை சேசிஸிலிருந்து கிழிந்துகொண்டிருக்கலாம். அது தெரிந்த நோய், மருந்தும் உண்டு. விலையில் கழித்துக்கொண்டு வாங்கலாம்.

*

கேள்வி: ஒரே மாடல், ஒரே வருடம். ஒரு விளம்பரத்தில் ஒரு விலை, இன்னொன்றில் அதைப்போல மூன்று மடங்கு. இரண்டு பேரும் சந்தை விலை என்கிறார்கள். எதை நம்புவது? எவ்வளவு கொடுக்கலாம் என்று எப்படி முடிவு செய்வது?
(வங்கியில் வேலை பார்க்கும் வாசகி)

பதில்: விளம்பரத்தில் இருப்பது கேட்கிற விலை. அதை வைத்து எந்தக் கணக்கும் போடாதீர்கள் அம்மா, யாரும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். கைமாறிய விலைதான் விலை. ஏல நிறுவனங்கள் முடிவுகளை வெளியிடுகின்றன. பிரிங் எ டிரெய்லர் மாதிரி இணைய ஏலங்களில், விற்காமல் போன வண்டிக்குக் கடைசியாக எவ்வளவு வரை ஏலம் கேட்டார்கள் என்பதுகூடத் தெரியும். எனக்கு அதுதான் முக்கியம். இந்த விலைக்கு மேல் ஆள் இல்லை என்று அது சொல்லிவிடுகிறது. ஆனால் சுத்தியல் விழுந்த விலைக்கு மேல் வாங்குபவர் தனியாக ஒரு கமிஷன் தருகிறார், பல ஏலங்களில் அது 10 சதவீதத்தைத் தாண்டும். ஒப்பிடும்போது கமிஷன் சேர்ந்த தொகையா, சேராததா என்று பாருங்கள்.

அப்புறம் தரம். ஹேகர்ட்டி என்ற அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் பழைய கார்களை 1 முதல் 4 வரை தரம் பிரித்து விலை சொல்கிறது. 1 என்பது கண்காட்சியில் பரிசு வாங்கும் வண்டி. 2 சிறப்பானது, கிட்டத்தட்டக் குறை தெரியாதது. 3 ஓட்டி மகிழ்கிற நல்ல வண்டி. 4 ஓடும், ஆனால் குறைகள் கண்ணில் படும். நான் பார்த்த விற்பனையாளர்கள் எல்லோரும் தங்கள் 3ஐ 2 என்பார்கள். கொஞ்சம் தைரியசாலிகள் 4ஐயே 2 என்பார்கள். உங்கள் மூன்று மடங்கு வித்தியாசத்துக்கு விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

நீங்கள் வங்கிக்காரர், கணக்கு பிடிக்கும். இப்படிப் போடுங்கள். இதே வண்டி 2ஆம் தரத்தில் என்ன விலைக்குக் கைமாறுகிறது என்று எடுங்கள். நீங்கள் பார்த்த வண்டியை அந்தத் தரத்துக்குக் கொண்டுவர ஆகும் செலவைக் கழியுங்கள். தகட்டு வேலை இருந்தால், பட்டறை சொல்லும் தொகையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், பிரித்தால் ஏறும். நான் பாதியாவது கூட்டிக்கொள்வேன். மீதி வருவதுதான் நீங்கள் கொடுக்கக்கூடிய உச்சம். பல பழைய வண்டிகளுக்கு இந்தக் கணக்கில் விடை பூஜ்யத்துக்குக் கீழே போகும். அது கணக்கில் பிழை என்று நினைக்காதீர்கள். அந்த வண்டியை அவர் இனாமாகக் கொடுத்தாலும் உங்களுக்கு நஷ்டம் என்று பொருள். வேலை முடித்த நல்ல வண்டியைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குவது பெரும்பாலும் மலிவு என்று சொல்வது இதனால்தான். அதைப் புதுப்பிக்கச் செலவழித்தவர் போட்ட காசில் ஒரு பகுதியைத் திரும்ப எடுப்பதே பெரிய காரியம்.

அதனால்தான் இன்னொன்றும். இதில் இவ்வளவு போட்டிருக்கிறேன் என்று விற்பவர் ரசீதுக் கட்டைக் காட்டி விலையை நியாயப்படுத்துவார். ரசீதைப் பொறுமையாகப் படியுங்கள், வேலை நடந்ததற்குச் சாட்சி அது. விலைக்குச் சாட்சி இல்லை. அவர் செலவை நீங்கள் ஈடுகட்ட வேண்டியதில்லை.

சில விலை வித்தியாசங்களுக்கு உண்மையான காரணம் உண்டு. எம்.ஜி.பி.யில் 1974இன் பிற்பகுதியில் அமெரிக்க விதிகளுக்காகக் கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது, வண்டியின் உயரத்தையும் கூட்டினார்கள். அன்றிலிருந்து இன்றுவரை குரோம் பம்பருக்கு மவுசு அதிகம். ஓட்டுவதற்கு மட்டும் வேண்டுமென்றால் ரப்பர் பம்பர் வண்டியில் நல்ல தகடாகப் பார்த்து வாங்குங்கள், அதே பணத்துக்கு ஒரு படி மேலான வண்டி கிடைக்கும். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் 1988 முதல் எம்.ஜி.பி.க்குப் புது பாடியே செய்து விற்கிறது. அந்தப் பாடியில் கட்டிய வண்டிக்குக் கூடுதல் விலை கேட்டால் நியாயம்தான், பாடி வாங்கிய ரசீது இருந்தால்.

அசல் எண்கள் என்பதற்கும் தனி விலை. ஜாகுவார் ஈ டைப்பில் ஒரு தகட்டில் கார் எண், இன்ஜின் எண், பாடி எண், கியர்பாக்ஸ் எண் நாலையும் அடித்திருப்பார்கள். அந்தந்தப் பாகத்திலும் எண் இருக்கும். ஜாகுவாரின் பாரம்பரிய அறக்கட்டளை பழைய பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறது. தகடு, பாகம், சான்றிதழ் மூன்றும் ஒத்துப்போனால் கேட்பதைக் கொடுக்க யோசிக்கலாம். போர்ஷே 911இல் இது இன்னும் முக்கியம். 1973 கரேரா ஆர்.எஸ். 2.7 மொத்தம் 1,580தான் செய்தார்கள். பின்னால் வாத்து வால் மாதிரி தூக்கிய மூடியும் பக்கவாட்டில் எழுத்தும் ஒட்டினால் சாதாரண 911கூடப் பார்வைக்கு அதே வண்டிதான். நகல் என்று சொல்லி விற்பவரிடம் நகல் விலைக்கு வாங்கினால் தப்பில்லை. எண்ணைச் சரிபார்க்க நேரம் கேட்டால் முகம் மாறுகிறவரிடம் வாங்காதீர்கள்.

*

கேள்வி: என் கணவர் டாட்சன் 240 இசட் ஒன்று வாங்கப் போகிறாராம். ஓடுகிற வண்டி இல்லை. பாடி ஒரு பக்கம், மற்றதெல்லாம் அட்டைப் பெட்டிகளில். எல்லாப் பாகமும் இருக்கிறது, மாட்டினால் போதும் என்று விற்பவர் சொல்கிறாராம். விலை மிக மலிவு. நீங்கள் சொன்னால் கேட்பார்.
(கவலையுடன் ஒரு வாசகி)

பதில்: சகோதரி, எல்லாப் பாகமும் இருந்து, மாட்டினால் போதும் என்றால், அவரே மாட்டி விற்றிருப்பாரே? இதை உங்கள் வீட்டுக்காரரிடம் அப்படியே படித்துக் காட்டுங்கள்.

இருந்தாலும் அவர் ஆசையில் தப்பில்லை. 240 இசட் நல்ல வண்டி. 2.4 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜின், உழைக்கும். பெட்டியில் கிடந்தாலும் அதற்கு ஆபத்தில்லை. தகடுதான் மெல்லிசு. பேட்டரி வைக்கும் தட்டு, அதற்குக் கீழே இறங்கும் பகுதி, தரைக்கு அடியில் நீள ஓடும் ரெயில்கள், பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் உள்ள மூலைகள், பின் கதவின் கீழ் ஓரம், முன் கண்ணாடிக்குக் கீழே காற்று இழுக்கும் பகுதி. இத்தனை இடங்களில் அரிக்கும். பிரித்துப் போட்ட வண்டியில் ஒரு நன்மை உண்டு, இவை எல்லாம் திறந்து கிடக்கும், மறைக்க முடியாது. ஸ்க்ரூடிரைவரால் தைரியமாகக் குத்திப் பார்க்கலாம். பாடி சுத்தம் என்றால் பெட்டிகளைத் திறக்கட்டும். இன்ஜின், கியர்பாக்ஸ் இருக்கிறதா என்று எல்லோரும் பார்ப்பார்கள். அவர் தேட வேண்டியது சின்னச் சாமான்கள்: மீட்டர்கள், விளக்கு வளையங்கள், கண்ணாடி ரப்பர்கள், கதவுப் பூட்டு, உள் அலங்காரத் துண்டுகள். இவை ஒவ்வொன்றாகத் தேடி வாங்கும்போதுதான் மலிவு வண்டி விலையேறும். பாடியில் ரெயில்கள் போயிருந்தால், பெட்டிகளை மட்டும் வாங்கிப் பாகங்களாக விற்றால்கூட லாபம் வரலாம் என்று சொல்லுங்கள். கேட்க மாட்டார்.

*

கேள்வி: துருவை மாற்றும் மருந்து தடவினால் போதாதா? வெட்டித்தான் ஆக வேண்டுமா?

பதில்: டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ கலந்த அந்த மருந்துகள் பொய் இல்லை. மேலாகப் படர்ந்த துருவை நிலையான படலமாக மாற்றும், அதன் மேல் பெயின்ட் நிற்கும். ஆனால் மருந்து போகிற இடத்துக்குத்தான் அது. இரண்டு தகடு ஒட்டியிருக்கும் மடிப்புக்குள் போகாது. துருவாக மாறும் இரும்பு பல மடங்கு பருத்து, அந்த மடிப்பையே பிளந்துகொண்டு வரும். ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளுக்கு நடுவே தகடு தலையணை மாதிரி உப்பியிருந்தால் வெட்டித்தான் ஆக வேண்டும். நல்ல தகட்டுக்கு உள்ளே மெழுகு பீய்ச்சுங்கள், அது உண்மையாகவே காப்பாற்றும். ஈரத்துக்கு மேல் தார் பூசுவதைவிடச் சும்மா விடுவது மேல்.

*

கேள்வி: சார், வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. முதல் ஸ்போர்ட்ஸ் கார். பழசாக இருக்க வேண்டும், ஆனால் துருவோடு குடித்தனம் நடத்த முடியாது. எது?

பதில்: தம்பி, காசு நிறைய இருந்தால் போர்ஷே 911, 1976 மாடல் முதல். அந்த வருடத்திலிருந்து பாடி முழுக்கத் துத்தநாகம் பூசிய தகடு. அதற்கு முந்தையவை பேட்டரிப் பகுதியிலும் முன் சஸ்பென்ஷன் அடியிலும் அரிக்கும். துத்தநாகம் இருந்தாலும் அடிபட்டு வெட்டி ஒட்டிய இடத்தில் பாதுகாப்பு போயிருக்கும், விபத்து வண்டியாகப் பார்த்து வாங்காதே.

நிறைய இல்லை என்றால் மாஸ்டா எம்.எக்ஸ்.5. 1989இல் வந்த முதல் தலைமுறை இப்போது கிளாசிக் ஆகிவிட்டது. ஓட்டுவதில் பழைய பிரிட்டிஷ் வண்டிகளின் சுகம், காலையில் ஸ்டார்ட் ஆகும் என்ற நிம்மதி. துரு இதற்கும் உண்டு, ஆனால் இடம் தெரியும்: பின் சக்கரத்துக்கு முன்னால் சில்லின் பின் மூலை. காரணமும் தெரியும். துணிக் கூரையில் விழும் தண்ணீர், சீட் பெல்ட் தூணுக்குப் பின்னால் உள்ள ஓட்டை வழியாக வடிய வேண்டும். இலை, தூசி அடைத்தால் தண்ணீர் சில்லுக்குள் போகும். பார்க்கப் போகும்போது ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துப் போ. கூரையைக் கொஞ்சம் தளர்த்தி, அந்த ஓட்டையில் மெல்ல ஊற்று. பின் சக்கரத்துக்கு முன்னால் தரையில் உடனே சொட்ட வேண்டும். ஊற்றியது எங்கே போனது என்று தெரியாவிட்டால் அங்கே குனிந்து தட்டிப் பார். விற்பவருக்கே இந்த ஓட்டை தெரிந்திருந்து, நான் வருடா வருடம் குத்திச் சுத்தம் செய்கிறேன் என்று சொன்னால் அவரிடம் அதிகம் பேரம் பேசாதே.

*

கேள்வி: நாளைக்கே இன்னொருவர் முன்பணம் தர வருகிறாராம். இன்று முடிவு சொல்லச் சொல்கிறார்.

பதில்: வரட்டும்.

*

கேள்வி: மழை நாளில் வண்டி பார்க்கப் போகக்கூடாது என்கிறார்களே, உண்மையா?

பதில்: பாதி உண்மை. ஈரத்தில் எந்தப் பெயின்ட்டும் பளபளக்கும். அலை, கொப்புளம், நிற மாற்றம் எதுவும் தெரியாது. பட்டறைக் குழல் விளக்கின் கீழும் அப்படித்தான், வெளியே தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள். ஆனால் பாடி திருப்தியாக இருந்து, வாங்கலாம் என்று மனம் சாய்ந்த பிறகு, ஒரு மழைக்கு அடுத்த காலை இன்னொரு முறை போக நேர்ந்தால் விடாதீர்கள். முன்கூட்டியே போன் செய்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். குளிர்ந்த நிலையில் எப்படிக் கிளம்புகிறது, என்ன புகை விடுகிறது என்று பார்த்துவிட்டு, உள்ளே உட்கார்ந்து தரை விரிப்பைத் தூக்குங்கள். ஓட்டுநர் பக்கம் மட்டும் தூக்கிவிட்டு நிறுத்தாதீர்கள், அந்தப் பக்கத்தை எல்லோரும் துடைத்து வைப்பார்கள். சீட்டுக்குப் பின்னாலும், ஸ்டெப்னி கிடக்கும் பள்ளத்திலும், டயரை வெளியே எடுத்துவிட்டு அதற்கு அடியிலும் கையை வைத்துப் பாருங்கள்.